நாசில் கணக்கில் ஜாயிண்ட் எஃபிஷியன்சி: எங்கே போடுவது, எங்கே விடுவது

பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) டிசைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஷெல்லின், அதாவது உருளை உடம்பின், தடிமனை இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். நாசில், அதாவது பைப்பை இணைக்க ஷெல்லில் ஓட்டை போட்டு வெல்ட் செய்யும் குழாய்த் துண்டு, வந்ததும்தான் சிக்கல். "இந்த நாசிலுக்கு ஈ எவ்வளவு? 0.85ஆ, 1ஆ, 0.7ஆ?" என்று பக்கத்து மேஜையில் கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். ஈ (E) என்பது ஜாயிண்ட் எஃபிஷியன்சி: முழுப் பிளேட்டோடு ஒப்பிட்டால் ஒரு சீமுக்கு (வெல்ட் இணைப்புக்கு) எவ்வளவு பலம் என்று கணக்கில் எடுக்கும் விகிதம். ஏஎஸ்எம்இ (அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம்) வெளியிடும் விதிநூலான கோடு-ஐத் திறந்தாலும் ஒரே இடத்தில் விடை இருக்காது. யூடபிள்யூ-3, யூடபிள்யூ-11, யூடபிள்யூ-12, யூஜி-27, யூஜி-37, யூஜி-45 என்று பல பத்திகளில் சிதறிக் கிடக்கும். அதையெல்லாம் முட்டி மோதித் தேடியவன் என்பதால், உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8, டிவிஷன் 1 வெசலுக்கு மட்டும். டிவிஷன் 2 தனிக் கணக்கு, இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஜாயிண்ட் எஃபிஷியன்சி சீமுக்குச் சொந்தமானது, நாசிலுக்கு அல்ல. ஷெல் தடிமனில் அதற்கான விலையை ஒரு முறை கொடுத்தாகிவிட்டது. நாசில் கணக்கில் மறுபடியும் கொடுக்க வேண்டிய இடம் அபூர்வம்.

1. கணக்கைத் திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பர்ச்சேஸ் ஆர்டரில் சொன்ன கோடு பதிப்பு எந்த வருடம் என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வருகிறது. பத்தி எண்களும் அட்டவணைகளும் இடம் மாறுவது உண்டு. பழைய வேலையின் கணக்கை எடுத்து எண்ணை மட்டும் மாற்றுகிறவர்கள் இங்கேதான் இன்ஸ்பெக்டரிடம் மாட்டுவார்கள்.

அடுத்து வாடிக்கையாளரின் ஸ்பெக், நாசில் ஓரியண்டேஷன் ட்ராயிங் (எந்த நாசில் எத்தனை டிகிரியில் என்று காட்டுவது), நாசில் லோடு டேபிள், அப்புறம் ஷெல் பிளேட்டின் விரிப்பு ட்ராயிங். இந்தக் கடைசி ஒன்றைத்தான் பலரும் கேட்பதே இல்லை. பிளேட் எந்த அளவில் வருகிறது, லாங் சீம் (ஷெல்லின் நீளவாக்கில் ஓடும் வெல்ட்) எத்தனை டிகிரியில் விழுகிறது என்று தெரியாமல் நாசில் கணக்கில் ஈ பற்றிப் பேசவே முடியாது. ஓரியண்டேஷன் ட்ராயிங்கின் மேல் லாங் சீம்களைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீரும்.

2. ஒவ்வொரு வெல்டும் எந்த வகை என்று குறியுங்கள்

யூடபிள்யூ-3 வெல்டை அது இருக்கும் இடத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது. ஷெல்லின் லாங் சீம், டிஷ் எண்டுக்குள் (ஷெல்லின் முனையை மூடும் மூடிக்குள்) இருக்கும் சீம், அரைக்கோள டிஷ் எண்டை ஷெல்லோடு சேர்க்கும் சீம் ஆகியவை கேட்டகிரி ஏ. ஷெல்லின் சர்க் சீம்கள் (சுற்றளவில் ஓடும் வெல்ட்கள்), 2:1 நீள்வட்ட டிஷ் எண்டை ஷெல்லோடு சேர்ப்பது கேட்டகிரி பி. ஃபிளேஞ்சைச் சேர்ப்பது சி. நாசிலை ஷெல்லோடோ டிஷ் எண்டோடோ சேர்ப்பது டி.

நாசில் கழுத்தையே பிளேட்டில் உருட்டிச் செய்தால் அந்தக் கழுத்தின் லாங் சீமும் கேட்டகிரி ஏ-தான். 24 இன்ச் மேன்வேயில் (ஆள் நுழையும் திறப்பில்) இதைக் கவனிக்காமல் விடுவது சாதாரணம்.

3. ஆர்டி அளவை முடிவு செய்யுங்கள்: பணம் இங்கேதான்

ஆர்டி என்பது ரேடியோகிராஃபி, வெல்டை எக்ஸ்ரே போலப் படமெடுத்துப் பார்ப்பது. டேபிள் யூடபிள்யூ-12-ல் இருந்து ஈ வருகிறது. இரண்டு பக்கமும் வெல்ட் போட்ட பட் ஜாயிண்ட் (விளிம்போடு விளிம்பு சேர்ப்பது) என்றால் முழு ரேடியோகிராஃபிக்கு 1.0, ஸ்பாட்டுக்கு (சில இடங்களில் மட்டும் எடுப்பதற்கு) 0.85, ஒன்றுமே எடுக்காவிட்டால் 0.70. பேக்கிங் ஸ்ட்ரிப் (வெல்டுக்குப் பின்னால் வைக்கும் பட்டை) உள்ளேயே தங்கிவிடும் ஒற்றைப் பக்க ஜாயிண்ட்டுக்கு முறையே 0.90, 0.80, 0.65.

பணக் கணக்கை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். உள்விட்டம் 1500 மி.மீ., நேர்ப்பகுதி நீளம் 4 மீட்டர், டிசைன் பிரஷர் 1.5 எம்பிஏ (மெகாபாஸ்கல்), மெட்டீரியல் எஸ்ஏ-516 கிரேடு 70, அலவபிள் ஸ்ட்ரெஸ் 138 எம்பிஏ, அரிப்புக்கு 3 மி.மீ. யூஜி-27 சூத்திரத்தில் போட்டால், அரிப்பையும் சேர்த்து வேண்டிய தடிமன்:

ஈ 1.0 என்றால் 11.24 மி.மீ., வாங்குவது 12.
ஈ 0.85 என்றால் 12.70 மி.மீ., வாங்குவது 14.
ஈ 0.70 என்றால் 14.80 மி.மீ., வாங்குவது 16.

இந்த ஷெல்லில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனும் ஏறக்குறைய 148 கிலோ ஸ்டீல். 16-க்கும் 12-க்கும் நடுவே 590 கிலோ. அன்றைய பிளேட் விலையால் பெருக்குங்கள். அதோடு வெல்ட் உலோகமும் கூடும். மறுபக்கம் ஃபிலிம் செலவு. இரண்டு கோர்ஸ் (உருட்டிய பிளேட் வளையம்) கொண்ட ஷெல் என்றால் லாங் சீம் மொத்தம் 4 மீட்டர், மூன்று சர்க் சீம்களும் சேர்த்து 14 மீட்டர்.

புதியவர்களுக்குத் தெரியாத வழி, ஆர்டி அளவைச் சொல்லும் நான்கு குறிகளில் ஒன்றான ஆர்டி-2. லாங் சீமை முழுக்க எடுத்து, சர்க் சீம்களில் யூடபிள்யூ-11(ஏ)(5)(பி) கேட்கிற ஸ்பாட்டை மட்டும் எடுத்தால் ஷெல்லுக்கு ஈ 1.0 கிடைக்கும். 18 மீட்டரையும் படம் எடுக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அந்த 4 மீட்டர்தான். எல்லாவற்றையும் ஸ்பாட்டில் விடும் ஆர்டி-3 என்றால் 15 மீட்டர் வெல்டுக்கு ஒரு ஸ்பாட், ஸ்பாட்டின் நீளம் குறைந்தது 150 மி.மீ. வேலை செய்த ஒவ்வொரு வெல்டரின் வெல்டும் ஏதாவது ஒரு ஸ்பாட்டில் வர வேண்டும் என்பதால் எண்ணிக்கை அதைவிடக் கூடலாம்.

ஆனால் சில இடங்களில் தேர்வு உங்கள் கையில் இல்லை. லீத்தல் சர்வீஸ் (உயிரைப் பறிக்கும் நச்சுப் பொருள்) என்றால் முழு ஆர்டி கட்டாயம். பி-நம்பர் 1 (வெல்டிங்குக்காகப் பிரித்த மெட்டீரியல் குழு) கார்பன் ஸ்டீலில் 32 மி.மீ. தாண்டினாலும் அப்படியே.

இன்னொரு பொறி: சீமே இல்லாத டிஷ் எண்ட். "வெல்டே இல்லையே, ஈ 1 தானே" என்று தோன்றும். கிடையாது. அதை ஷெல்லோடு சேர்க்கும் சீமில் மேலே சொன்ன ஸ்பாட் எடுக்காவிட்டால், யூடபிள்யூ-12(டி) படி சீம்லெஸ் டிஷ் எண்டுக்கும் 0.85 தான். ஒரு ஃபிலிமை மிச்சம் பிடிக்கப் போய் டிஷ் எண்ட் தடிமன் ஒரு படி ஏறிவிடும்.

4. நாசில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

மேலே உள்ள வெசலை 14 மி.மீ. பிளேட்டில், ஈ 0.85 என்று முடிவு செய்துவிட்டோம் என்று வையுங்கள். அரிப்பு போன பிறகு மிஞ்சும் தடிமன் 11. அதில் ஒரு 8 இன்ச் ஷெட்யூல் 80 (பைப் தடிமனைச் சொல்லும் எண்) நாசில், எஸ்ஏ-106 கிரேடு பி, உள்ளே நீட்டாமல் ஷெல் தடிமனுக்குள் செருகிய வகை.

ஓட்டையால் போன உலோகத்தை ஈடுகட்டும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கணக்கு யூஜி-37-ல் இருக்கிறது. அதில் இரண்டு இடத்தில் குழப்பம் வரும்.

முதலாவது, ஷெல்லுக்கு வேண்டிய தடிமனான டிஆர். இதை ஈ 1 வைத்துத்தான் கணக்கிட வேண்டும். நீங்கள் ஷெல்லுக்கு எடுத்த 0.85 இங்கே வராது. நம் உதாரணத்தில் டிஆர் 8.24 மி.மீ., 9.70 அல்ல.

காரணம் எளிது. ஓட்டை வெட்டியதால் போன உலோகம் சுமந்த பலத்தைத்தான் ஈடுகட்டுகிறோம். ஓட்டை இருக்கும் இடம் முழுப் பிளேட். அங்கே சீமின் பலவீனம் கிடையாது. தூரத்தில் இருக்கும் லாங் சீமுக்காக ஷெல் முழுவதும் தடிமன் ஏற்றினோம். அந்த உபரி நாசில் இருக்கும் இடத்தில் சும்மா கிடக்கிறது. அதை நாசில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஈ1: ஷெல்லின் உபரியைப் பார்க்கும்போது ஷெல் தடிமனைப் பெருக்கும் எஃபிஷியன்சி. ஓட்டை முழுப் பிளேட்டிலோ கேட்டகிரி பி சீமிலோ இருந்தால் ஈ1 மதிப்பு 1. ஓட்டையின் எந்தப் பகுதியாவது வேறு வெல்ட் சீமை, நடைமுறையில் லாங் சீமை, வெட்டினால் மட்டும் டேபிள் யூடபிள்யூ-12-ல் அந்த சீமுக்கு உள்ள மதிப்பு. ஷெல்லையே ஈஆர்டபிள்யூ பைப்பில் (மின்சாரத்தால் நீளவாக்கில் வெல்ட் செய்த பைப்) செய்திருந்தால் 0.85, அந்த சீம் எங்கே இருக்கிறது என்று தெளிவாக அடையாளம் காட்டி ஓட்டை அதைத் தொடவில்லை என்று நிரூபித்தால் விலக்கு உண்டு.

இப்போது எண்கள். வேண்டிய பரப்பு 1669 சதுர மி.மீ. ஷெல்லில் உபரியாகக் கிடைப்பது 543, நாசில் கழுத்தில் 349, 10 மி.மீ. ஃபில்லெட்டில் (மூலையில் போடும் முக்கோண வெல்டில்) 85. மொத்தம் 977, இன்னும் 692 குறைகிறது. 10 மி.மீ. தடிமனில் ஒரு பேட் (நாசிலைச் சுற்றி ஷெல்லில் வெல்ட் செய்யும் வளையத் தகடு), வெளிவிட்டம் 300 போதும். பேட் வந்ததும் கழுத்தின் பங்கும் கொஞ்சம் கூடும்; அது நம் பக்கம்தான்.

டிஆரில் தவறாக 0.85 போட்டால்? வேண்டிய பரப்பு 1964 ஆக ஏறும், ஷெல் உபரி 256 ஆக இறங்கும். குறை 1274. பேட் 350-ஐத் தொடும். ஒரே அபராதத்தை இரண்டு பக்கமும் கட்டுகிறீர்கள். கூடவே ஈ1-யிலும் 0.85 போட்டால் ஷெல் உபரி மைனஸில் போய்விடும். மென்பொருள் அப்படி மைனஸ் காட்டினால் பேடைப் பெரிதாக்க ஓடாதீர்கள். முதலில் இந்த இரண்டு எண்ணையும் பாருங்கள். "கன்சர்வேட்டிவாக இருக்கட்டுமே" என்று சொல்கிறவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. பேட் பெரிதானால் பக்கத்து நாசிலின் எல்லைக்குள் நுழையும், சீமை மூடும், வெல்டும் கூடும்.

அதே நாசில் உண்மையிலேயே லாங் சீமின் மேல் விழுந்தால் டிஆர் அதே 8.24, ஈ1 மட்டும் 0.85. ஷெல் உபரி 543-லிருந்து 219 ஆகிறது. நாசிலைச் சில டிகிரி நகர்த்தினால், அல்லது பிளேட்டை உருட்டும்போது சீமைத் திருப்பி வைத்தால், அந்த 324 சதுர மி.மீ. இலவசமாகத் திரும்பக் கிடைக்கும்.

பேட் மட்டும் சீமை மூடுகிறது, ஓட்டை அந்த சீமை வெட்டவில்லை என்றால் எழுத்துப்படி ஈ1 மதிப்பு 1 தான். ஆனால் மூடப்படும் சீமை முன்கூட்டியே படமெடுத்து, சமமாகக் கிரைண்ட் செய்ய வேண்டும் என்று பெரும்பாலான ஸ்பெக் கேட்கும்.

சின்ன நாசில்களையும் மறக்காதீர்கள். 10 மி.மீ.க்கு மேற்பட்ட ஷெல்லில் 60 மி.மீ. வரையான ஓட்டைக்கு, பிரஷர் சட்டென்று ஏறி இறங்காத வெசலில், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் கணக்கே வேண்டாம் என்று யூஜி-36 விலக்கு தருகிறது. அந்தச் சலுகையில் வரும் ஓட்டையின் விளிம்பு சீமின் ஓரத்திலிருந்து 13 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்று யூடபிள்யூ-14 சொல்வதைப் பலர் படிப்பதில்லை. 38 மி.மீ. வரையான தடிமனுக்கு இது பொருந்தும்.

5. நாசில் கழுத்து

இங்கே இரண்டு விஷயம்தான். ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டில் பைப்பின் பெயரளவு தடிமனை, அரிப்பைக் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். கழுத்தின் குறைந்தபட்சத் தடிமனைச் சொல்லும் யூஜி-45-ல் அப்படி முடியாது. பைப் மில்லின் 12.5 சதவீதக் குறைவையும் கழித்துப் பார்க்க வேண்டும். நம் 8 இன்ச்சுக்கு வேண்டியது 10.16 மி.மீ.; ஷெட்யூல் 80-ன் 12.7 குறைவு போக 11.11, பாஸ். ஷெட்யூல் 60 பெயரளவில் 10.31, அதுவே போதும் போலத் தோன்றும். குறைவைக் கழித்தால் 9.02, ஃபெயில்.

அடுத்தது ஈஆர்டபிள்யூ பைப். அதன் அலவபிள் ஸ்ட்ரெஸ் டேபிளில் 0.85 ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மறுபடி ஈ போட்டுப் பெருக்காதீர்கள்.

6. நாசில்-ஷெல் வெல்டுக்கு ஈ எவ்வளவு?

கிடையாது. அது கார்னர் ஜாயிண்ட். டேபிள் யூடபிள்யூ-12-ல் அந்த வரிக்கு எஃபிஷியன்சி மதிப்பு கொடுக்கப்படவில்லை. "நாசில் வெல்டுக்கு ஆர்டி எடுக்கவில்லை, அதனால் 0.7" என்று யாராவது சொன்னால் அந்த வரியைக் காட்டுங்கள். ஃபிலிமைச் சரியாக வைக்கவே தோதில்லாத இடம் அது. முழு ஊடுருவல் வெல்ட் என்றால் யூடி (அல்ட்ராசோனிக்), மேற்பரப்புக்கு எம்டி (காந்தத் துகள்) அல்லது பிடி (ஊடுருவும் சாயம்) சோதனை என்றுதான் ஸ்பெக் கேட்கும்.

அந்த வெல்டுக்கு வேறு பரிசோதனை இருக்கிறது: யூஜி-41-ல் சொல்லும் வெல்ட் பலப் பாதை. அதற்கான விகிதங்கள் யூடபிள்யூ-15-ல்: குரூவ் வெல்ட் (பள்ளத்தை நிரப்பும் வெல்ட்) இழுவிசையில் 74 சதவீதம், குரூவ் வெல்ட் ஷியரில் (வெட்டு விசையில்) 60, ஃபில்லெட் ஷியரில் 49. இவை பார்க்க எஃபிஷியன்சி போலவே இருக்கும். ஆனால் ஆர்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாறாது. தனிப் பெட்டியில் வையுங்கள்.

7. பைப்பிங் லோடும் லோக்கல் ஸ்ட்ரெஸ்ஸும்

பைப்பிங்காரர் ஆறு எண் கொடுப்பார்: மூன்று விசை, மூன்று மொமெண்ட் (வளைக்கும், முறுக்கும் விளைவு). அதை டபிள்யூஆர்சி (வெல்டிங் ரிசர்ச் கவுன்சில்) வெளியீடு 107-லோ, அதையே சமன்பாடுகளாக மாற்றி 2010-ல் வந்த 537-லோ போட்டு, ஷெல்லில் வரும் ஸ்ட்ரெஸ்ஸைப் பார்க்கிறோம். நாசில் கழுத்திலும் ஸ்ட்ரெஸ் வேண்டுமென்றால் 297. எல்லைகள்: லோக்கல் மெம்பரேன் (தடிமன் முழுக்கச் சராசரியான ஸ்ட்ரெஸ்) அலவபிளில் 1.5 மடங்கு, தெர்மல் போன்ற செகண்டரியையும் சேர்த்தால் 3 மடங்கு.

இந்த அலவபிளை ஈ-யால் பெருக்கலாமா? ஓட்டை லாங் சீமை வெட்டவில்லை என்றால் பெருக்க வேண்டாம். நாசில் விளிம்பில் ஸ்ட்ரெஸ் உச்சத்தில் இருக்கிறது. சீம் அங்கே இல்லை. பிரஷரால் வரும் ஹூப் (சுற்றுவாட்டு) ஸ்ட்ரெஸ்ஸை ஈ-யால் வகுத்துச் சேர்ப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். சீம் நாசிலுக்குள்ளேயே போகிறது, நகர்த்தவும் வழியில்லை என்றால், நான் மெம்பரேன் எல்லையை அந்த சீமின் ஈ-யால் குறைப்பேன், அல்லது அந்த நீளத்துக்கு முழு ஆர்டி கேட்பேன். இரண்டாவதுதான் மலிவு.

ஈ உண்மையிலேயே வரும் இடம் ஒன்று உண்டு, அது நாசில் அல்ல. உயரமான காலமில் (கோபுரம் போல நிற்கும் வெசலில்) காற்று மொமெண்ட், படுத்த வெசலில் சேடில் (தாங்கும் பீடம்) மொமெண்ட் ஆகியவற்றால் சர்க் சீமில் நீளவாட்டு இழுவிசை வரும்போது அந்த சீமின் ஈ போட வேண்டும். அமுக்கு விசைக்கு யூஜி-23 படி 1 எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்டி-2 எடுத்து ஷெல்லை 12 மி.மீ. ஆக்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரிப்பு போனால் மிஞ்சுவது 9, டிஆர் 8.24. நம் நாசிலுக்கு ஷெல் உபரி 543-லிருந்து 150-க்கு விழும். லோக்கல் பெண்டிங் ஸ்ட்ரெஸ் ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்துக்குத் தலைகீழ் என்பதால், 11-லிருந்து 9-க்கு வந்தால் அதே லோடுக்கு ஒன்றரை மடங்கு ஆகும். நாசில் நிறைய, லோடும் கனம் என்றால் 14 மி.மீ. ஷெல்லே மொத்தத்தில் மலிவாக முடியலாம். பிளேட் எடையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு பொறி. பேட் உள்ள நாசிலில் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்: நாசில் விளிம்பில் ஷெல்லும் பேடும் சேர்ந்த தடிமன், பேட் விளிம்பில் ஷெல் மட்டும். இரண்டாவதை விட்டுவிட்ட கணக்குகள் நிறையச் சுற்றுகின்றன. அப்புறம் பிரஷர் த்ரஸ்ட் (உள் அழுத்தம் நாசிலை வெளியே தள்ளும் விசை): பைப்பிங் லோடில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு முறை சேரும், அல்லது ஒரு முறையும் சேராது.

8. எது முன்னால், எது பின்னால்

ஓரியண்டேஷன் உறுதியாகும் முன் பிளேட்டில் மார்க்கிங் போட விடாதீர்கள். பைப்பிங் லோடு எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதனால் முதல் ட்ராயிங்கிலேயே நாசில் அளவுவாரியாக அனுமதிக்கும் லோடு டேபிளை நீங்களே போட்டு அனுப்பிவிடுங்கள். பிறகு தாண்டினால் விளக்கம் சொல்வது அவர்கள் பாடு.

லாங் சீம் படமெடுத்து ஓகே ஆன பிறகுதான் நாசில் ஓட்டை வெட்ட வேண்டும். ஆர்டி பெரும்பாலும் இரவில் நடக்கும். திருச்சி துவாக்குடி பக்கத்து ஷாப்புகளில் பார்த்திருப்பீர்கள்: இரண்டாம் ஷிஃப்ட் ஆள்கள் வெளியேறியதும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, இரிடியம் சோர்ஸை நீட்டுவார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி உள்ள ஏஜென்சிதான் செய்ய முடியும். அதனால் "நாளைக்கே வாங்க" என்பது நடக்காது. இரிடியம்-192-ன் அரை ஆயுள் 74 நாள்தான். பழைய சோர்ஸ் என்றால் ஒரு ஃபிலிமுக்கு எடுக்கும் நேரம் கூடும், ஓர் இரவில் முடியும் எண்ணிக்கை குறையும். ரிப்பேர் வந்தால் தோண்டி, வெல்ட் போட்டு, மறுபடி படமெடுக்க இன்னோர் இரவு. அட்டவணையில் இதற்கு இடம் விடுங்கள்.

பேட் வெல்ட் முடிந்ததும், அதிலுள்ள சோதனைத் துளை வழியாகக் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதை ஹைட்ரோ டெஸ்டுக்கு (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனைக்கு) முன்பே முடியுங்கள். துளையைப் போட மறந்த பேடுகளுக்கு அந்த நேரத்தில்தான் டிரில் மெஷின் தேடுவார்கள்.

9. பேப்பர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்

நான்கு இடத்தில் ஒரே கதை இருக்க வேண்டும்: கணக்கு, ட்ராயிங்கின் டிசைன் டேட்டா கட்டம், யூ-1ஏ டேட்டா ரிப்போர்ட், நேம்பிளேட். கணக்கில் ஈ 1.0, ட்ராயிங்கில் "ஸ்பாட் ஆர்டி" என்று இருந்தால் இன்ஸ்பெக்டர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார். யூ-1ஏ-வில் ஒவ்வொரு வகை சீமுக்கும் ஜாயிண்ட் வகை, ஆர்டி அளவு, எஃபிஷியன்சி என்று தனித்தனிக் கட்டம் உண்டு. நேம்பிளேட்டில் ஆர்டி-1 முதல் ஆர்டி-4 வரை எது பொருந்துகிறதோ அதைக் குத்த வேண்டும். ஆர்டி-2 வெசலில் ஆர்டி-1 குத்திவிட்டால், எடுக்காத படத்தை எடுத்ததாகச் சொன்னது போல ஆகும்.

இவற்றோடு ஆர்டி மேப், ஃபிலிம் ரிப்போர்ட், மில் சர்டிஃபிகேட், வெல்டிங் நடைமுறையான டபிள்யூபிஎஸ், அதைச் சோதித்துப் பார்த்த பதிவான பிக்யூஆர், வெல்டர் தகுதிச் சான்று எல்லாம் ஒரே கோப்பில். ஆர்டி மேப்பில் லாங் சீம்களின் டிகிரியையும் பக்கத்து நாசில் எண்களையும் எழுதிவையுங்கள். ஐந்து வருடம் கழித்து பிளாண்ட்டில் இருந்து "இன்னொரு 4 இன்ச் நாசில் போடணும், எங்கே போடலாம்?" என்று கேட்பார்கள், அன்றைக்கு ஈ1-ஐ முடிவு செய்ய அந்த ஒரு தாள் போதும்.